செட்டிநாட்டிலிருந்து கவின்கலைப் பட்டப்படிப்புக்கு: புதிதாகச் சேர விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் வாரத்தில், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஓவிய நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருவது ஆண்டுதோறும் நடக்கிறது. நன்றாக வரைகிற பிள்ளைகள்தாம். ஆனால் விண்ணப்பத்துக்கு இரண்டு வாரமும் செய்முறைத் தேர்வுக்குச் சில வாரமும் மட்டுமே மிஞ்சியிருக்கும் அந்த நேரத்தில், ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவற்றை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையைப் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எந்தப் படிப்பு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

நான் இங்கே பேசுவது பி.எஃப்.ஏ. எனப்படும் நான்காண்டுக் கவின்கலைப் பட்டப்படிப்பைப் பற்றி. சில கல்லூரிகள் இதையொத்த படிப்பை பி.வி.ஏ. என்ற பெயரில் நடத்துகின்றன. அங்கே எத்தனை ஆண்டு என்பதைச் சேருமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்டூடியோ என்றால் நம் ஊரில் போட்டோ எடுக்கும் கடையே நினைவுக்கு வரும். கவின்கலைக் கல்லூரியில் அந்தச் சொல் பணிக்கூடத்தைக் குறிக்கும்: ஈசல் எனப்படும் படம் தாங்கும் சட்டம் நிற்கும் அறை, களிமண் தொட்டி இருக்கும் கூடம், அச்சு இயந்திரம் இருக்கும் அறை. நான்காண்டின் பெரும்பகுதி அங்கேதான் கழியும். கலை வரலாறு, அழகியல் போன்ற பாடங்கள் எழுத்துத் தேர்வாக இருந்தாலும், உங்கள் மதிப்பெண்ணையும் வளர்ச்சியையும் தீர்மானிப்பது கைவேலை.

பெயர்க் குழப்பம் நிறைய உண்டு. கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ள பி.எஸ்சி. விஸ்காம் பெரும்பாலும் ஊடகம், ஒளிப்பதிவு, விளம்பரம் சார்ந்தது. கவின்கலைக் கல்லூரியில் உள்ள காட்சிவழித் தகவல் வடிவமைப்பு ஓவியத்தையும் எழுத்துருவையும் அடிப்படையாகக் கொண்ட வேறு துறை. கட்டடக்கலைக்கான பி.ஆர்க். சேர நாட்டா போன்ற தனித் தேர்வை எழுத வேண்டும், பி.எஃப்.ஏ.வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வடிவமைப்புக் கல்வி நிறுவனங்களான என்.ஐ.டி., நிஃப்ட் ஆகியவற்றுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வுகள் உள்ளன. ‘டிராயிங் தெரியும்’ என்ற ஒரே காரணத்துக்காக இவை அனைத்தையும் ஒன்றாக எண்ணி ஏதோ ஒன்றில் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் வருந்திய பிள்ளைகளை நான் அறிவேன்.

எங்கே படிக்கலாம்

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளியிலிருந்து வளர்ந்தது. மெரினாவில் நாம் எல்லோரும் பார்த்த உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இதற்குத் தலைமை வகித்தவர்; அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். வண்ணக்கலை, சிற்பம், பதிப்போவியம், சுடுமண் கலை, துகிலியல் வடிவமைப்பு, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என இங்கே துறைகள் பலவாக விரிந்திருக்கின்றன. காரைக்குடியில் விடியற்காலையில் பல்லவன் ரயிலில் ஏறினால் எழும்பூர் சேரலாம். கல்லூரி அங்கிருந்து தொலைவில்லை. விண்ணப்பிக்கும் முன்னர் ஒருமுறை நேரில் சென்று, அனுமதி பெற்று, பணிக்கூடங்களைப் பார்த்து வருவது நல்லது.

கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாகப் பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவு என்பதால், பெண்பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில் இந்தக் கல்லூரியைப் பற்றிச் சொன்னதும் பேச்சு இளகுவதைக் கண்டிருக்கிறேன். சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் பெண்களுக்கான நுண்கலைத் துறை நெடுங்காலமாக இயங்குகிறது. புதுச்சேரியில் பாரதியார் பல்கலைக்கூடம் உள்ளது. வெளிமாநிலம் செல்ல வசதியும் துணிவும் இருந்தால் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் உள்ள கலைக் கல்விக்கூடங்களும் உண்டு.

மாமல்லபுரத்தில் உள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியை இவற்றோடு சேர்த்து எண்ணாமல் தனியாக எண்ண வேண்டும். அங்கே கற்பிக்கப்படுவது சிற்ப சாத்திர மரபு: தாளமானம் எனப்படும் உருவ அளவு முறை, கோயில் சிற்பம், மரபு ஓவியம், மரபுக் கட்டடக்கலை. குமரிமுனையில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை வடித்த வை. கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர். அவர் நம் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர் என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. மரபின் இலக்கணத்துக்குள் ஆழ்ந்து கைத்திறன் பெற விரும்புவோருக்கு மாமல்லபுரம் ஏற்றது. தனக்கென ஒரு காட்சிமொழியைத் தேட விரும்புவோருக்குச் சென்னையோ கும்பகோணமோ ஏற்றது. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கு இடமில்லை. உங்கள் மனம் எதன் பக்கம் சாய்கிறது என்பதை நேர்மையாகப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓராண்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: படத்தைப் பார்த்து வரைவதை நிறுத்திவிட்டு, பொருளைப் பார்த்து வரையத் தொடங்குங்கள்.

நான் முதன்முறை செய்முறைத் தேர்வுக்குச் சென்றபோது என் தொகுப்பில் இருந்தவை எல்லாம் நடிகர்களும் தலைவர்களும் சாமி படங்களுமே. காலண்டரிலிருந்தும் வார இதழிலிருந்தும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிழல் கொடுத்து, மாதக்கணக்கில் வரைந்தவை. தேர்வறையில் ஒரு முதியவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் கண்ணிலிருந்து தொடங்கினேன். கண்ணை முடித்து மூக்குக்கும் மூக்கை முடித்துத் தோளுக்கும் வந்தபோது தாள் தீர்ந்துவிட்டது. அவருடைய கைகளுக்கும் கால்களுக்கும் என் தாளில் இடமே இல்லை. பக்கத்தில் இருந்த மாணவர், முகத்தில் ஒரு கோடுகூட இல்லாமல், முழு உருவத்தையும் நாற்காலியையும் தரையையும் அதற்குள் நிறுத்தியிருந்தார். அந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை; கிடைக்காதது சரியே என்பது அடுத்த ஆண்டு முழுவதும் வரைந்த பிறகு எனக்குப் புரிந்தது.

ஆகவே, முதற்பயிற்சி இதுதான். தாளில் உருவத்தின் உச்சி எங்கே வரும், பாதம் எங்கே வரும் என்று இரண்டு சிறு கோடுகளை முதலில் போடுங்கள். கையை முழுதாக நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலையின் உயரத்தைப் பென்சிலில் விரலால் குறித்துக்கொண்டு, முழு உருவம் எத்தனை தலை உயரம் என்று அளந்து பாருங்கள். நிற்கும் மனிதருக்கு ஏறத்தாழ ஏழரைத் தலை வரும். நாற்காலியில் அமர்ந்தவருக்குக் குறையும். பிறகு, கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தைப் பாருங்கள். கையை வரைவதைவிட அந்த வெற்றிடத்தைச் சரியாக வரைவது எளிது. அது சரியானால் கையும் சரியாகிவிடும். முகத்துக்குக் கடைசியில் வாருங்கள்.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. பாதி நேரத்தை ஒரு நிமிட, இரண்டு நிமிடக் கோட்டுருவங்களுக்கு ஒதுக்குங்கள். காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் மூட்டையோடு காத்திருப்பவர், சந்தையில் காய் நிறுப்பவர், டீக்கடையில் டீ ஆற்றுபவர் ஆகியோர் உங்களுக்காக அசையாமல் நிற்க மாட்டார்கள். அதுவே நல்லது, ஏனென்றால் உடலின் எடை எந்தக் காலில் விழுகிறது என்பதை மட்டும் பிடித்துவிட்டு அடுத்த உருவத்துக்குப் போகக் கை பழகும்.

மீதி நேரத்துக்கு, வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் எளிதில் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது: நம் வீடுகள். தெருவாசலில் நின்றால் முகப்பு, பட்டாலை என்னும் கூடம், வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நிலைகள் நேராக நின்று, கடைசியில் பின்வாசல் வெளிச்சம் ஒரு சிறு சதுரமாகத் தெரியும். தொலைநோக்கு (பெர்ஸ்பெக்டிவ்) என்னும் பாடத்தைக் கல்லூரியில் கரும்பலகையில் வரைந்து காட்டுவார்கள். இங்கே அது கட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. நடைவாசலில் தரையில் அமர்ந்து பாருங்கள். தரைக்கல்லின் இணைப்புக் கோடுகள் மேல்நோக்கி ஏறும், விட்டங்களின் கோடுகள் கீழ்நோக்கி இறங்கும், எல்லாம் உங்கள் கண்மட்டத்தில் ஒரே புள்ளியில் சென்று சேரும். இப்போது எழுந்து நில்லுங்கள். அந்தப் புள்ளியும் உங்களோடு எழுந்துவிடும். இதை ஒருமுறை தன் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத் தொலைநோக்கு விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே வராது.

அதே இடத்தில் வெளிச்சத்தையும் கவனியுங்கள். பட்டாலை இருட்டு, வளவு வெயில், அதற்கடுத்த கட்டு மறுபடியும் இருட்டு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்றே படிகள் மிஞ்சும். கரித்துண்டை வைத்து அந்த மூன்று படிகளை மட்டும் முதலில் போடுங்கள். நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவர், வெயிலில் கிடக்கும் கருங்கல்லைவிட இருட்டாகத் தெரியும் நேரங்கள் உண்டு. ‘சுவர் வெள்ளை’ என்று மனம் சொல்வதைக் கேட்காமல் கண் சொல்வதைக் கேட்கும் பயிற்சி அப்போது தொடங்குகிறது. நிலைக்கதவின் செதுக்கு வேலையை, கசலட்சுமியையும் கொடிகளையும், முதல் மாதத்திலேயே வரையத் தொடங்காதீர்கள். அவை அழகாக இருப்பதால் கையைப் பிடித்து இழுக்கும். கூட்டமைவு பிடிபட்ட பிறகு அவற்றுக்கு வரலாம்.

பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன என்பது உண்மை. பார்த்துக்கொள்பவரிடமோ வீட்டில் இருக்கும் பெரியவரிடமோ முறையாகக் கேளுங்கள். “ஆச்சி, இந்த வளவுல ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கிரட்டுமா?” என்று கேட்ட பிள்ளையை இதுவரை யாரும் விரட்டியதை நான் பார்த்ததில்லை, நடுவில் மோர் வரும். வரைந்து முடித்ததும் படத்தை அவரிடம் காட்டிவிட்டு வர வேண்டும், அதுதான் மரியாதை.

வசதிப்படும்போது புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கும் சித்தன்னவாசலுக்கும் ஒருநாள் செல்லுங்கள். சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளத்தை வரைந்தவர்களின் கோட்டை அருகிருந்து பார்த்தவர்கள், கோடு என்பது ஓரம் கட்டும் வேலை அன்று என்பதை உணர்வார்கள். வழியில் ஐயனார் கோயில்களில் மண்பாண்டக் கலைஞர்களான வேளார் செய்த சுடுமண் குதிரைகள் நிற்கும். உள்ளே கூடாக, பகுதி பகுதியாக எழுப்பிச் சுட்டவை அவை. சிற்பத் துறையையோ சுடுமண் துறையையோ எண்ணும் பிள்ளை அந்தக் குதிரையைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் வரைய வேண்டும்.

வாங்க வேண்டியவை

தொடக்கத்தில் அதிகம் செலவழிக்க வேண்டாம். எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில்கள், கரித்துண்டு, ஒரு ரப்பர், கிளிப்போடு ஒரு பலகை. காட்ரிட்ஜ் தாளை முழு இம்பீரியல் அளவில், அதாவது 22 x 30 அங்குலத்தில் வாங்கி, நான்காக வெட்டினால் 11 x 15 அங்குலத்தில் தாள்கள் கிடைக்கும்; நோட்டாக வாங்குவதைவிட இது மலிவு. விரைவுக் கோட்டுருவங்களுக்குச் செய்தித்தாள் அச்சுத்தாள் போதும். வண்ணத்துக்கு ஒரு போஸ்டர் கலர் பெட்டியும் இரண்டு மூன்று தூரிகைகளும். எண்ணெய் வண்ணத்தையும் கேன்வாஸையும் கல்லூரிக்குப் போன பிறகு வாங்கிக்கொள்ளலாம். லேப்டாப் வேண்டுமா என்று கேட்கிறார்கள். முதலாண்டில் அந்தப் பணத்தைத் தாளுக்குச் செலவிடுவதே பயன் தரும் என்பது என் கருத்து.

விண்ணப்பமும் செய்முறைத் தேர்வும்

அறிவிப்பு பெரும்பாலும் பிளஸ் டூ முடிவையொட்டி வரும். கல்லூரியின் அறிவிப்பை நேரடியாகப் படியுங்கள். தகுதி, வயது, துறைகள், கடைசி நாள் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் வரும் தகவலை நம்பி முடிவு செய்யாதீர்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். அரசின் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுகளான லோயரும் ஹையரும் எழுதியிருந்தால் அந்தச் சான்றிதழ்களையும் வைத்திருங்கள். அவற்றுக்கான பயிற்சி, சேர்க்கையில் கணக்கில் வந்தாலும் வராவிட்டாலும், கையைச் சீர்ப்படுத்தும்.

தொகுப்பில் பதினைந்து முதல் இருபது படைப்புகள் போதும். விரைவுக் கோட்டுருவங்களில் ஒரு கத்தை, உருவப் படங்கள், பொருள்களை வைத்து வரைந்தவை, வீட்டின் உட்புறம், இரண்டு மூன்று வண்ணப் படங்கள், நீங்களே எண்ணி அமைத்த ஒன்றிரண்டு காட்சிகள். ஒவ்வொரு தாளின் பின்புறமும் தேதியும் எடுத்துக்கொண்ட நேரமும் எழுதுங்கள். பிழையுள்ள படத்தை மறைக்க வேண்டாம். ஜனவரியில் வரைந்ததும் மே மாதத்தில் வரைந்ததும் அருகருகே இருந்தால், நீங்கள் கற்றுக்கொள்ளக்கூடியவர் என்பதை அவையே சொல்லும். புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

தேர்வறையில் முதல் ஐந்து நிமிடம் பென்சிலை எடுக்காமல் பாருங்கள். பிறகு, பெருவிரல் அளவில் ஓரத்தாளில் இரண்டு மூன்று சிறு அமைப்புகளை வரைந்து, எது நன்றாக நிற்கிறது என்று தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஈசலிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்து பார்க்க மறவாதீர்கள்.

முதலாண்டில் எப்படி இருப்பது

சேர்ந்தபின் முதல் சில மாதங்களில், ‘நான் ஏற்கெனவே வரைவேன், இவர்கள் ஏன் மறுபடியும் கனசதுரத்தையும் மண்பானையையும் வரையச் சொல்கிறார்கள்’ என்ற சலிப்பு பலருக்கும் வரும். கோடு, வண்ணம், இருபரிமாண அமைப்பு, களிமண் உருவம், அச்சு என எல்லா அடிப்படைகளையும் தொட்டுச் செல்லும் காலம் அது. தனக்குப் பிடிக்காது என்று நினைத்த பொருளையும் கையில் எடுத்துப் பாருங்கள். வண்ணக்கலைக்கு என்று போய், களிமண்ணைத் தொட்டபின் சிற்பத்துக்கு ஏங்கியவர்கள் உண்டு. துறை மாற இடமுண்டா, எப்போது என்பதைச் சேரும்போதே கேட்டு வைப்பது நல்லது.

பதிப்போவியம் எனப்படும் அச்சுக்கலை பலருக்கும் புரியாமல் இருப்பதற்குக் காரணம், அதில் எல்லாம் தலைகீழாக நடப்பது. இதற்கு ஆத்தங்குடிக்குப் போய், அங்கே பூவேலைத் தரைக்கல் வார்ப்பதைப் பார்த்துவருவதைவிட நல்ல முன்பாடம் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் உலோக அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிறு கரண்டியால் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை நடுங்காமல் நேரே மேலே தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அதன் மேல் ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த மணற்சிமெண்டைத் தூவி, பிறகு கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது கல்லின் முதுகை. முகம் கண்ணாடியை ஒட்டிக் கீழே இருக்கிறது. காய்ந்து, தொட்டி நீரில் ஊறிய பின், கண்ணாடியிலிருந்து பிரியும்போதுதான் முகம் தெரியும், மெருகு போட்டதுபோல் பளபளப்போடு. கடைசியில் முன்னால் தெரிய வேண்டியதை முதலில் ஊற்ற வேண்டும், இடது வலதாகும், தூக்கும் கையின் நடுக்கம் பதிந்துவிடும் என்னும் மூன்றையும் அங்கே அரை நாள் நின்று பார்த்த மாணவி ஒருத்தி, பின்னர் லினோ என்னும் அச்சுக்கான மென்தகட்டில் எழுத்துகளைத் திருப்பிச் செதுக்கத் தடுமாறவே இல்லை.

படைப்புகளைச் சுவரில் மாட்டி ஆசிரியரும் மாணவரும் பேசும் விமர்சன வகுப்பு, பள்ளியில் பாராட்டு மட்டுமே கேட்டு வந்த பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கும். ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு, ‘கண் முதலில் எங்கே போகிறது, ஏன்’ என்று பேசப் பழகுங்கள். சொல்லப்பட்டதை உடனே மறுக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் படத்தின் முன் நின்று படித்துப் பாருங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலக் கலைச்சொற்களைக் கேட்டுப் பின்வாங்க வேண்டியதில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டால் வகுப்பிலேயே கேட்டுவிடுவதுதான் முறை.

வகுப்பு நேரம் முடிந்ததும் பணிக்கூடத்தை விட்டுக் கிளம்புகிறவர்களும், விளக்கணைக்கும் வரை இருப்பவர்களும் முதலாண்டில் ஒன்றுபோலவே தெரிவார்கள். மூன்றாம் ஆண்டில் அவர்களுடைய வேலை ஒன்றுபோல் இருக்காது. மேல்வகுப்பு மாணவர்களுக்குக் களிமண் பிசையவும் கேன்வாஸ் இழுத்துக் கட்டவும் உதவுங்கள், பாடத்திட்டத்தில் இல்லாத பாதி கல்வி அப்படித்தான் வந்து சேரும்.

உடல்நலம் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்கிறேன். டர்பன்டைனைச் சன்னல் திறந்த அறையில் மட்டும் பயன்படுத்துங்கள். தூரிகையை வாயில் வைத்துக் கூர்மையாக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், சில நிறமிகளில் நச்சு உலோகங்கள் உண்டு. காய்ந்த களிமண்ணையும் பிளாஸ்டரையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கும். உலோகத் தகட்டை அரிக்கும் அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

வீட்டில் பேசுவது

‘இதைப் படித்து என்ன செய்வான்?’ என்று அப்பா கேட்பது அக்கறையால். வரைகலை, பதிப்பகப் பணி, அனிமேஷன், துணி வடிவமைப்பு, பள்ளி ஓவியக் கல்வி, அருங்காட்சியகப் பணி, பழைய கட்டடங்களிலும் ஓவியங்களிலும் செய்யும் பாதுகாப்புப் பணி என்று வழிகள் உண்டு. சிலவற்றுக்கு மேற்படிப்போ தனித்தகுதியோ வேண்டும். நம் ஊரிலேயே பழைய வீடுகளைச் சீரமைக்கிறவர்களுக்கும், கண்டாங்கிச் சேலையிலும் கொட்டான் என்னும் ஓலைக்கூடையிலும் புது வடிவங்களைத் தேடுகிறவர்களுக்கும் பயிற்சி பெற்ற கண் தேவைப்படுகிறது. நிலையான சம்பளம் முதல் ஆண்டிலேயே வந்துவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். செலவைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரிகளில் கட்டணத்தைவிடப் பொருள்களுக்கும் தங்குவதற்கும் ஆகும் செலவே பெரிது. அதை மாதக் கணக்காகத் தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழி மாதம் 1000 ரூபாய் பெறும் தகுதி தமக்கு இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது நான்கு தாள்களும் கரித்துண்டும் பையில் இருக்கட்டும். சேருமுன் வரைந்த அதே வீட்டுக்குப் போய், அதே ஆச்சியிடம் கேட்டு, நடைவாசலில் அதே இடத்தில் அமர்ந்து மறுபடியும் வரையுங்கள். தேதி போட்டு, பழைய தாளையும் புதிய தாளையும் பட்டாலைச் சுவரோரம் சாய்த்துவைத்து, வளவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள்; அடுத்த பருவத்தில் எதைப் பழக வேண்டும் என்பது அங்கிருந்து தெரியும்.